குழாய்ச் சங்கமும் எதிரொலிப் பாறையும்

ஒச்சம்மாவுக்கு வலது தோள்பட்டை பழுத்த கட்டிபோல் வலித்தது. தொம்பை நாட்டின் அரண்மனை மதிலுக்குக் கல் தூக்குபவள் அவள். ஒரு கல்லைப் பதினாறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும்; எல்லார் தோளும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். அதற்காகவே அவள் ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள்.

அந்த நாட்டில் பாட்டு மூங்கில் குழாயில் விற்கப்பட்டது. பாடுகிறவர் உள்ளே பாட, குழாய்ச் சங்கம் மெழுகு வைத்து அடைக்கும். வாங்கியவர் வீட்டில் திறந்து கேட்பார். ஒச்சம்மாவின் பாட்டு நாலாயிரம் குழாய் விற்றது. பத்துக் குழாய்க்கு ஒரு படி நெல் என்பது பேச்சு. நானூறு படி வந்தால் ஒரு வருடம் கல்லைத் தொட வேண்டியதில்லை. வரவில்லை.

அப்போதுதான் ஊருக்கு வெளியே இருந்த பாறையின் குணம் தெரியவந்தது. அதன் முன் ஒரு குழாயைத் திறந்தால் போதும். பாறை அந்தப் பாட்டை நாளெல்லாம் திருப்பிச் சொன்னது. ஜனங்கள் வெறுங்குழாயோடு போய்ப் பிடித்து வந்தார்கள்.

சங்கத் தலைவர் குபேரலிங்கம் அரசவையில் அழுதார். "மன்னா, பாடுகிறவர்கள் பட்டினி கிடக்கிறார்கள்."

கண்ணீர் உண்மையானது என்று அவைக்குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

வெறுங்குழாய் வைத்திருப்பவர் திருடர் என்று பண் அமைச்சர் நீதிவளவர் ஆணையிட்டார். குழாயில் கஞ்சி கொண்டுபோகும் கூலிக்காரர்கள் முந்நூறு பேர் பிடிபட்டார்கள். கஞ்சி இருக்கும்வரை நிரபராதி. குடித்து முடித்ததும் குற்றவாளி.

பிறகு புதுக்குழாய் வந்தது. வாங்கியவரின் கைரேகை பட்டால்தான் திறக்கும். கல் தூக்கிக் கல் தூக்கி ரேகை தேய்ந்தவர்களுக்கு அது திறக்கவே இல்லை. பாறையைச் சாக்கால் மூடினார்கள். ஒரே மழையில் சாக்கு கிழிந்தது. கடைசியில், சங்கத்திடம் வாங்காத பாட்டை வாயால் பாடுவதும் திருட்டு என்றார்கள்.

மறுநாள் பதினாறு பேரும் ஊமையாகக் கல்லைத் தூக்கினார்கள். ஏழு தோள் முந்தியது, ஒன்பது பிந்தியது. கல் அவர்களில் ஒருவனான மொக்கையன் காலில் விழுந்தது.

ஒச்சம்மா அமைச்சரிடம் போனாள். குபேரலிங்கமும் அங்கே இருந்தார்.

"அய்யா, அது நாங் கட்டுன பாட்டு. நானே பாடக்கூடாதா?"

"கட்டியவர் நீர். உரிமை சங்கத்துடையது. இத்தனை சட்டமும் உமது நலனுக்காகத்தான்" என்றார் நீதிவளவர்.

"அப்ப எம்பங்கு நெல்லக் குடுத்துருங்க. நலத்த நீங்களே வச்சுக்கங்க."

அமைச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. "உருப்படியான ஆலோசனை ஏதும் உண்டா?"

"பாறையத் தொறந்து விடுங்க. பக்கத்துல ஒரு குதிரு வைங்க. கேக்குறவன் ஆளுக்கு ஒரு பிடி நெல்லு போட்டுட்டுப் போவான். அவன் ஒண்ணும் சும்மா கேக்க ஆசப்படல. ஒங்க வெலைக்கு அவனால முடியல, அவ்வளவுதான். விழுற நெல்ல பாடுனவுகளுக்குப் பிரிச்சுக் குடுங்க."

"கல் தூக்குகிறவள் வியாபாரம் சொல்லித் தருகிறாள்" என்று குபேரலிங்கம் சிரித்தார்.

அடுத்த மாதம் பாறை திறந்தது. பக்கத்தில் குதிர் நின்றது. 'குபேரலிங்கத் திட்டம்' என்று அதில் எழுதியிருந்தது. ஜனங்கள் வரிசையில் நின்று நெல் போட்டார்கள். மூன்றே நாளில் குதிர் நிரம்பியது. பாடியவர்களுக்குப் பங்கு பிரிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்குச் சாப்பாடு அந்த நெல்லில்தான்.

கல் தூக்கும் இடத்திலும் பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. தலைக்கு ஒரு பிடி. ஒச்சம்மாவும் மடியை அவிழ்த்தாள்.

"பாடுறவகிட்டயுமா வாங்குவீக?" கட்டுப்போட்ட காலை நீட்டி ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த மொக்கையன் கேட்டான்.

"அவளுக்கும் காது கேக்குதுல்ல?" என்றான் சங்கத்து ஆள். "பொத்திக்கிட்டுப் பாடச் சொல்லு, தள்ளுபடி உண்டு."

"ரெண்டு கையாலயும் காதப் பொத்துனா கல்ல ஒங்கப்பனா தூக்குவான்?"

ஒச்சம்மா நெல்லைப் போட்டாள். பாட்டை எடுத்தாள். மொக்கையன் இடத்தில் நின்ற புது ஆளோடு சேர்த்துப் பதினாறு தோளும் ஒன்றாக எழுந்தன. இப்போது கல் மதிலுக்குப் போகவில்லை. சங்கத்தின் ஐந்தாவது குதிருக்கு அடித்தளமாகப் போனது.

சங்கம் ஒச்சம்மாவுக்கு இன்னும் நானூறு படி நெல் தர வேண்டும்.