வெறுந்தட்டு ஆகாது

தட்டு பதினோராவது முறையாக வந்தபோது ஹம்மாதி கதவில் சாய்ந்துகொண்டார்.

"மறுபடியுமா, லல்லா பத்தூல்?"

"கொஞ்சம் மொச்சை வேக வச்சேன். முதல்ல வாங்குங்க, கை கடுக்குது."

எதிர்வீட்டு பத்தூலுக்கு அறுபத்தெட்டு வயது; மரியாதைக்குத்தான் அந்த 'லல்லா'. தனிக்கட்டை. இரண்டு முழங்காலும் நிரந்தர வேலைநிறுத்தம். ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார். பிறகு பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனார்.

நீல விளிம்பு, ஓரத்தில் சில்லு பெயர்ந்த பீங்கான் தட்டு. மெக்னெஸ் நகரத்தின் அந்தச் சந்தில் வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பவனை யாரும் மனிதனாகச் சேர்ப்பதில்லை. ஹம்மாதியோ ரயிலில் முப்பத்தைந்து வருடம் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் வாங்காதவனைக் காதைப் பார்த்தே சொல்லிவிடுவார். சமையலறைப் பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை; அது மனைவி ஹலீமாவின் எல்லை. அவர் இறந்து ஐந்து மாதம். நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள், கூஸ்கூஸ் என்கிற ரவைச் சோற்றோடு இந்தத் தட்டு முதலில் வந்தது.

ஹம்மாதி பேரீச்சம்பழம் வைத்து அனுப்பினார். தட்டு மீன் வறுவலோடு வந்தது. முட்டை அவித்து அனுப்பினார். கத்தரிக்காய்ப் பொரியலோடு வந்தது. தானே பருப்பு சமைத்தார். பாத்திரம் கருகி, சந்து முழுக்கப் புகை. அந்தப் பருப்பைச் சாப்பிட்ட அனுதாபத்தில் ஆட்டுக்கறி வந்தது.

எதிரியைத் திணறடித்துவிடலாம் என்று ஒரு கிலோ தேன் பலகாரத்தைக் குவித்து அனுப்பினார். முழுக் கோழி வந்தது.

காசாபிளாங்காவிலிருந்து மகள் நஜாத் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பா, முகத்துல களை வந்திருக்கே! நான் சொல்லல? நாலு பேரோட பழகினா மனசு தேறும்."

"தேறல. வீங்கியிருக்கு."

அடுத்த முறை கதவைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தார். பத்தூல் நான்கு முறை தட்டினார். ஐந்தாவது தட்டலில் தெருவே கூடிவிட்டது. தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு ஆறு பேர் உள்ளே வந்தார்கள். கட்டிலில் போர்வைக்குள் இருந்தவரின் மூக்கில் ஒருவர் விரல் வைத்துப் பார்த்தார்.

"இருக்காரு!"

உயிரோடு இருந்ததற்காக எல்லோருக்கும் தேநீர் போட வேண்டியதாயிற்று. பிற்பகல் அஸர் தொழுகை வரை யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் தட்டு, அதில் ஒரு கேக்.

மறுநாள் காலை தட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை ரொட்டி அடுப்புக்குப் போனார். சந்திலிருக்கும் அத்தனை வீட்டு ரொட்டியும் அங்கேதான் வேகும். அடுப்புக்கார ஜிலாலிக்கு ஆள் முகம் மறக்கும். எந்தப் பாத்திரம் எந்த வீட்டுடையது என்பது மட்டும் மறக்காது.

"வாங்க ஹாஜியாரே!"

ஹம்மாதி ஹஜ்ஜுக்குப் போனதில்லை. அந்தத் தெருவில் அறுபதைத் தாண்டினால் எல்லோரும் ஹாஜியார்தான்.

"நாலு ரொட்டி இதுல வைப்பா. உரியவங்க வீட்டுல சேர்த்துடு. அந்தம்மா கேட்டா, ஹம்மாதி ஊருக்குப் போயிட்டார்னு சொல்லு."

"எந்த ஊருக்கு?"

"தட்டு இல்லாத ஊருக்கு."

வீட்டுக்கு வந்து காலை நீட்டினார். நிம்மதி. அரைமணி நேரம் நிம்மதியாகவே இருந்தது. பிறகு குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஹலீமா போன புதிதில் இருந்த அதே வீடு. எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால், சும்மா, நின்றார்.

கதவு தட்டப்பட்டது. முதல் தட்டலிலேயே திறந்துவிட்டதில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

ஜிலாலி நின்றிருந்தான். கையில் தட்டு, தட்டில் அதே நாலு ரொட்டி.

"ஏன்யா இங்க கொண்டாந்தே? உரியவங்க வீட்டுலன்னுதானே சொன்னேன்!"

ஜிலாலி அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உரியவங்க வீட்டுக்குத்தான் ஹாஜியாரே வந்திருக்கேன். இது உங்க தட்டு. ஹலீமா அம்மா மவுத்தாகி நம்மள விட்டுப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பணியாரம் வச்சு எதிர்வீட்டுக்கு அனுப்பினது. உங்ககிட்ட அதைச் சொல்லவும் மனசு வராம, வெறுந்தட்டாக் குடுக்கவும் முடியாம, பத்தூல் அம்மா இன்னிக்கு வரைக்கும் அதைத் திருப்பிக் குடுக்கத்தான் அல்லாடிக்கிட்டு இருக்காங்க!"