தபால்காரருக்கு ஆதாரம் உண்டா?

நான் சண்டை போடுகிற ஆள் இல்லை. சண்டையைத் தீர்த்துவைக்கிற ஆள். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் என் மனைவி மைதிலி என்னோடு மோதுகிறாள் என்று போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகலில் எனக்கு ஹைதராபாத் காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை. அங்கே என்ன செய்கிறேன் என்று வெளியே சொல்லக் கூடாது. மைதிலி கேட்டதும் இல்லை. சாயங்காலம் ஹப்சிகுடா வீட்டுக்கு வந்து காபி குடித்ததும்தான் என் உண்மையான உத்தியோகம் ஆரம்பம். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். அதனால் எழுதுகிறவர்களைவிட அடித்துக்கொள்கிறவர்கள் அதிகம். அதிலும் சினிமாக் கட்டுரை என்றால் கேட்கவே வேண்டாம். படம் நூறு நாள் ஓடியதா, எண்பது நாளா? இரண்டாவது கதாநாயகியை இரண்டாவது என்று சொல்லலாமா? சட்டை கிழியாத குறைதான்.

வாதாடுவதற்கென்றே ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'உரையாடல் பக்கம்' ஒன்று உண்டு; அங்கே வருகிற வழக்குகளைத் தீர்க்கிற பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். இதுவரை நாற்பத்தொரு வழக்கு, நாற்பத்தொன்றிலும் தீர்ப்பு. இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தால் சமரசம் வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுவேன்.

நாற்பத்திரண்டாவது வழக்கு 'வாய்க்கால் வீட்டு மருமகள்'. 1986இல் வந்த படம். வந்த வேகத்தில் திரும்பிப் போன படம். அந்தக் கட்டுரையின் நடிகர் பட்டியலில், கடைசியாக ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. 'புருஷோத்தமன் – தபால்காரர்.' ஆதாரம் எதுவும் இல்லை. சேர்த்தவர் பெயர் 'கோபிக்காரி'.

என் மாமனார் பெயர் புருஷோத்தமன். மைதிலியின் ஊர் கோபிச்செட்டிபாளையம். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை.

மாமனார் கோபியில் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் துணி கிழித்தவர். அந்தப் படத்தில் தபால்காரராக வந்து "அம்மா, தந்தி" என்று சொன்னதாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்வார். நான் "ஆதாரம் இருக்கா மாமா?" என்பேன். பந்தியே சிரிக்கும். அவரும் சிரிப்பார். போன வருஷம் காலமாகிவிட்டார்.

"மைதிலி, கோபிக்காரி யாரு?"

"நான்தானுங்க. மைதிலிங்கற பேருல ஏற்கெனவே பதினோரு பேரு இருக்காங்க."

"ஆதாரம் இல்லாம பேரு சேக்கக் கூடாது."

"எங்கப்பா நடிச்சாரு. பக்கத்துல நின்னு நானே பாத்தேன்."

"அச்சுல வராம நீயா பாத்தது சொந்த ஆய்வு. விதிப்படி செல்லாது."

"படத்துலயே இருக்காரே."

"படத்துல தபால்காரர் மூஞ்சிய மறைச்சுக் குடைதான் இருக்கு. குடைக்குள்ள யாரோ இருக்காங்க."

"காக்கிச் சட்டையோட போட்டோ இருக்கு."

"எந்தப் பத்திரிகையில வந்துச்சு? வீட்டு ஆல்பம் செல்லாது."

"அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரியும். கலைக்களஞ்சியத்துக்குத் தெரியாதே."

எங்கள் மகள் ஹர்ஷிதா காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத். தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் சொல்வாள். "தாத்தா நிஜங்கா யாக்ட் சேஸாரா? நெட்லோ லேது கதா" என்றாள். தாத்தா நிஜமாகவே நடித்தாரா, நெட்டில் இல்லையே என்று அவளுக்குச் சந்தேகம். போன வாரமும் இதையே கேட்டாளாம். மைதிலியைக் கிளப்பிவிட்டது அதுதான்.

"அப்பா பேரு வேற எங்கயுமே இல்லீங்க" என்றாள் மைதிலி. "கடை போர்டுல மொதலாளி பேரு. வீட்டுப் பத்திரத்துல பெரியப்பா பேரு. நீங்க ஆதாரம் கேக்கறப்பல்லாம் அவரு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வந்ததே இல்ல. வருஷ நினைவு நாளுக்குள்ள இந்த ஒரு எடத்துலயாவது அவரு பேரு இருக்கட்டும்னு பாத்தேன்."

எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நடுநிலை என்று ஒன்று இருக்கிறதே. என் மாமனாருக்கு ஒரு சட்டம், ஊரில் மற்ற தபால்காரர்களுக்கு ஒரு சட்டம் என்றால் நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள்? நீக்கினேன். அவள் மறுபடி சேர்த்தாள். நான் மறுபடி நீக்கினேன். மூன்றாவது தடவையும் நீக்கிவிட்டு அடுப்படிப் பக்கம் கம்பீரமாகப் பார்த்தேன். அவள் கையில் செல்போன்.

"மூணு ஆச்சுங்க. ஒரே நாள்ல நாலாவது தடவ நீக்கினா உங்களுக்குத் தடை."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"விதி எல்லாத்தையும் படிச்சுட்டேன்."

விதிகள் பெரிய பட்டியல். நானே முழுதாகப் படித்ததில்லை. அன்றிலிருந்து வீட்டு நிர்வாகமும் விதிப்படி நடக்கத் தொடங்கியது.

"மைதிலி, சாம்பார்ல உப்பு இல்ல."

"உரையாடல் பக்கத்துல எழுதி வைங்க. ஏழு நாள் கருத்துக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

"என் நீலச் சட்டை எங்க?"

"பீரோவுல."

"பீரோவுல இல்லையே."

"நீங்க தேடினது சொந்த ஆய்வுங்க. செல்லாது."

இந்த இடத்தில்தான் நான் என் ராஜதந்திரத்தைக் காட்டினேன். இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால், சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளிடம் கருத்துக் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. மூன்றாவது ஆளாக இருதயராஜ் சாரைச் சொன்னேன். குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கலைக்களஞ்சியத்தில் எனக்கும் மூத்தவர். 'நிழல்மேடை' சினிமா வார இதழை முப்பது வருஷத்துக்குச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கிறார். அச்சில் இல்லாவிட்டால் தன் பிறந்தநாளையே நம்ப மாட்டார்.

"அங்க போய்த் தேடு. அச்சுல ஒரு வரி கெடைச்சாலும் நான் தலைவணங்கறேன்" என்றேன்.

என் திட்டம் எளிமையானது. பொடி எழுத்து, ஏகப்பட்ட தூசி, பொருளடக்கம் கிடையாது. மைதிலிக்குத் தூசி ஆகாது. அரை மணி நேரத்தில் தும்மிக்கொண்டே திரும்பி வந்துவிடுவாள்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று சனிக்கிழமை போனாள். மூன்று சனிக்கிழமையும் சமையல் நான். மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் வந்து, கைப்பையை வைத்துவிட்டு முகம் கழுவினாள். நிதானமாகக் காபி போட்டாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"கெடைக்கலையா?"

"விமர்சனத்துல இல்லீங்க. வெளம்பரத்துல இல்ல. ஷூட்டிங் செய்தியிலயும் இல்ல."

"நான்தான் அப்பவே சொன்னேனே."

"ஆமாங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கட்டுங்களா? வாசகர் கேள்வி-பதில் ஆதாரமாச் செல்லுங்களா?"

இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் என் துறையில் அவள் என்னிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"தாராளமா. பத்திரிகை ஆசிரியர் பதில் சொல்லி, அச்சாகியிருந்தா செல்லும்."

"கேள்வி கேட்டவரு எப்படிப்பட்ட ஆளா இருந்தாலுமா?"

"கேக்கறவன் அடிமுட்டாளாக்கூட இருக்கலாம் மைதிலி. பதில்தான் முக்கியம்."

"இதையே உரையாடல் பக்கத்துல எழுதி உங்க பேரு போட்ருங்களேன். என்னாட்டம் புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

எழுதினேன். அடிமுட்டாள் என்ற சொல்லோடு சேர்த்தே எழுதினேன். பெயர் போட்டேன், தேதி போட்டேன். அதற்கப்புறம் அவள் தன் செல்போனை என் கையில் கொடுத்தாள். 1986 அக்டோபர் முதல் வார 'நிழல்மேடை', இருபத்திரண்டாம் பக்கம்.

'கே. லட்சுமணன், பவானி: "வாய்க்கால் வீட்டு மருமகள்" படத்தில் தந்தி கொண்டுவரும் தபால்காரர் யார்? ஒரே காட்சியில் வந்து உள்ளத்தை உருக்கிவிட்டாரே?

பதில்: கோபிச்செட்டிபாளையத்தில் ஜவுளிக்கடை ஊழியரான புருஷோத்தமன். படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்தவருக்கு இயக்குநர் காக்கிச் சட்டையை மாட்டிவிட்டாராம்.'

கே. லட்சுமணன் நான்தான். பவானி என் ஊர்தான். அந்தக் காலத்தில் வாரத்துக்குப் பத்து அஞ்சலட்டை எழுதிப் போடுவேன். பத்திரிகை வந்ததும் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருந்தால் தெருவெல்லாம் காட்டுவேன். பதிலைப் படிக்கிற வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

"கேக்கறது மட்டுந்தான் உங்க வழக்கம். பதிலக் காதுல வாங்க மாட்டீங்க" என்றாள் மைதிலி. "இப்பவும் அப்படித்தான்."

நான் சுலபத்தில் விழுகிற ஆள் இல்லை. "பவானியில லட்சுமணனுக்கா பஞ்சம்? இது வேற யாராவது இருக்கும்" என்றேன்.

"இருக்கலாமுங்க. அடுத்த கேள்வியையும் அவருதான் கேட்டிருக்காரு. படிங்க."

'கே. லட்சுமணன், பவானி: இப்படத்தின் கதாநாயகிக்குப் பவானிப் பக்கத்து மாப்பிள்ளை பிடிக்குமா?

பதில்: மாப்பிள்ளைக்கு மீசை முளைத்ததும் எழுதவும்.'

"நீங்க இல்லீனா ஒண்ணுமில்ல. யாரோ ஒரு பவானிக்காரரு இப்படியெல்லாம் கேட்டிருக்காருன்னு ஹர்ஷிதாவக் கூப்ட்டுப் படிச்சுக் காட்டறேன்."

"வேண்டாம். நான்தான்."

"நல்லதுங்க."

கையிருப்பில் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "ஆனா பாரு மைதிலி, நான் அவருக்கு மருமகன். சொந்தக்காரன் சம்பந்தப்பட்டது நடுநிலை ஆதாரம் ஆகாது. விதி அப்படி."

"1986ல நீங்க எங்கப்பாவுக்கு யாருங்க?"

"யாருமில்ல."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தது எப்ப?"

"தொண்ணூத்தேழுல."

"அதைத்தான் இருதயராஜ் அண்ணன் எழுதியிருக்காரு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். உரையாடல் பக்கத்தில், நான் எழுதியதற்கு நேர் கீழே, எழுதி வைத்துக் காத்திருந்ததுபோல் அதற்குள் மூன்றாம் கருத்து ஏறியிருந்தது. 'கேள்வி கேட்டவருக்கும் நடிகருக்கும் அப்போது எந்த உறவும் இல்லை. கேட்டவர் எப்படிப்பட்டவராயினும் பதில் செல்லும் என்று திரு. லட்சுமணனே மேலே தெளிவுபடுத்திவிட்டார். பெயரைச் சேர்த்துவிட்டேன். இப்போது அவர் மருமகன் என்பதால் இனி இந்தக் கட்டுரையில் கை வைக்காதிருப்பது நல்லது.' நாற்பத்தொரு வழக்கில் நான் அடுத்தவர்களுக்கு எழுதிய அதே நடை. பெரியவர் என்னிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

நடிகர் பட்டியலின் கடைசியில் மாமனார் பெயர் நின்றது. பக்கத்தில் சின்னதாக ஒரு எண். அதைத் தொட்டால் பக்கத்தின் அடியில் என் பெயர் வருகிறது, ஊரோடு. மைதிலி அதை நாலைந்து தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஆதாரம் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் வருஷ நினைவு நாள். கோபியிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஹர்ஷிதா அந்தப் பக்கத்தை ஒவ்வொருவருக்கும் காட்டி, "எங்க தாத்தா" என்று தமிழிலேயே சொன்னாள். பன்னிரண்டு பேருக்குச் சமையல் என்பதால் நான் அடுக்களையில் இருந்தேன். மைதிலியின் சித்தப்பா மகன் முரளி பழைய பந்திகளில் என்னோடு சேர்ந்து சிரித்தவன். கூடத்தில் அவன் குரல் கேட்டது.

"இதுல யாரு வேண்ணாலும் எழுதலாமாமே? பெரியப்பா நடிச்சதுக்கு ஆதாரம் இருக்குதாக்கா?"

"இருக்கே" என்றாள் மைதிலி. "உள்ள வெங்காயம் உரிச்சிட்டு இருக்காரு."