ஜெராக்ஸ் சாருக்குக் கடல் கிடைத்த கதை

கடவுளே நேரில் வந்து நின்றாலும், "ஐடி ப்ரூஃப் ஒரு காப்பி குடு சாமி, ரெண்டு பக்கமும்" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர் எங்கள் செஞ்சியில் பிறந்தார். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை ஊர் மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் 'ஜெராக்ஸ்'.

அசல் எதுவும் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது, நகல்தான் நடமாட வேண்டும் என்பது அவர் கொள்கை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, அதைத்தான் மருந்துக் கடையில் நீட்டுவார். கோட்டை பார்க்கப் போனால் நுழைவுச் சீட்டை வெளியே கொண்டுபோய் நகல் எடுத்துவிட்டுத்தான் மலை ஏறுவார். மகள் கல்யாணத்துக்கு எனக்கு வைத்த பத்திரிகை கறுப்பு வெள்ளையில் இருந்தது.

"இன்னாய்யா இது, ஜெராக்ஸா?" என்றேன்.

"நீ நெருங்கின ஆளு. உனக்கு எதுக்குய்யா ஒரிஜினல்?" என்றார்.

ஒருநாள் மழையில் அவர் பை நனைந்துவிட்டது. கடைத்தெருவில் என் பாத்திரக்கடைக்குள் ஓடிவந்து, அண்டா, குடம், குத்துவிளக்கு என்று ஒன்றுவிடாமல் காகிதங்களைக் காயப்போட்டார். அன்று குடம் வாங்க வந்த ஒரு அம்மா, குடத்தின் மேல் கிடந்த அவர் ரேஷன் கார்டு நகலைப் படித்துவிட்டு, "ஏன் சார், உங்க வூட்டுல ஒருத்தர்தானா?" என்று கேட்டார். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் ஓசூருக்கு வாழப் போய்விட்ட சமயம். "காப்பியில அப்படித்தான் இருக்குது" என்றார் ஜெராக்ஸ். அன்றிலிருந்து என் கடை ஸ்டூல் ஒன்று அவர் பெயருக்குப் பட்டா ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவரை ஓய்வுபெற்றோர் குழு ஒன்று தாய்லாந்துக்கு டூர் அழைத்துப்போனது. ஏர்போர்ட்டுக்குப் போன வேன் திண்டிவனம் தாண்டும்போது யாரோ பேச்சுக்கு, "எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்துக்கினீங்களா?" என்று கேட்டார்கள். இவர் பையைத் திறந்து பாஸ்போர்ட் ஜெராக்ஸைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேறு. "அவ்ளோ தூரம் போறோம், ஒரிஜினலை யாராச்சும் கையில எடுத்துக்கினு போவாங்களா?" என்றாராம். வேன் செஞ்சிக்குத் திரும்பி, பீரோவைத் திறந்து, மறுபடி கிளம்பியது. விமானம் இவருக்காகத் தாமதமாகப் புறப்பட்டது என்று செஞ்சியில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு.

டூர் முடிந்து எல்லாரும் வந்தார்கள். ஜெராக்ஸ் வரவில்லை. பதறிப்போய் போன் போட்டேன். வீடியோவில் பூப்போட்ட சட்டை தெரிந்தது. அதற்குப் பின்னால் கடல்.

"எங்கய்யா இருக்கிற?"

"ஹுவா ஹின்னு ஒரு ஊரு நைனா. இங்க வெள்ளைக்காரனுங்க அரை டவுசரு போட்டுக்கினு சும்மா குந்திக்கினு இருக்கானுங்க. இன்னா வேலைன்னு கேட்டேன். ரிட்டயர்டுன்றான். ரிட்டயர் ஆனவனுக்குன்னே இங்க ஒரு விசா இருக்குதாம்! நம்ம ஊர்ல ரிட்டயர் ஆனா ரேஷன் கடைக்கு அனுப்புவாங்க. இவன் விசா குடுக்குறான்யா!"

சுற்றிப்பார்க்க வந்தவருக்குச் சில வாரம் இருக்க அனுமதி. அதில் கொஞ்ச நாளாவது பாக்கி இருக்கும்போதே, ஊர் திரும்பாமல் அங்கேயே மனுக் கொடுத்து ஓய்வு விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும், அந்த நாட்டு பாங்க்கில் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய தொகை கிடக்க வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளும், "அப்பா சந்தோஷமா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டாளாம்.

"உனக்கும் குடுப்பான்யா, வயசு இருக்குது இல்ல?" என்றார்.

"கடையை எவன் பாக்கறது?" என்று போனை வைத்தேன்.

எனக்கு வந்தது சாதாரணப் பொறாமை இல்லை. அண்டா நிறையப் பொறாமை. சர்க்கார் உத்தியோகத்துக்கு ஓய்வு வயது உண்டு. பாத்திரக் கடைக்காரனுக்கு ஏது? கத்திரி வெயிலில் கோட்டை நிற்கிற ராஜகிரி மலை முழுக்க அனலாகி, அந்த அனல் நேரே என் கடைக்குள் வந்து எவர்சில்வரில் பட்டு என் முகத்தில் அடிக்கும். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் இளநீர் படம் வரும். "அவருக்குக் கடல், உங்களுக்குக் கல்லா" என்று என் வீட்டுக்காரி சிரித்தாள்.

இதில் அந்த நாட்டு ஆபீஸ் வேறு அவருக்கு ஏற்ற ஆபீஸாக அமைந்துவிட்டது. "எல்லாத்துக்கும் காப்பி கேக்குறாங்கய்யா! ஒவ்வொரு காப்பியிலும் கையெழுத்து! சொர்க்கம்யா!" என்று குதித்தார். தங்கியிருக்கும் வீட்டுக்கு வரைபடம் கேட்டார்களாம். நம் ஆள் தாலுகா ஆபீஸ் முறைப்படி நான்கு எல்லை போட்டிருக்கிறார். வடக்கே முடிவெட்டும் கடை, கிழக்கே கடல், தெற்கே நூடுல்ஸ் கடை, மேற்கே ஜெர்மனிக்காரர் வீடு. சும்மா விசாரிக்கப் போனவர் மூன்று செட் நீட்டியதும், அங்கிருந்த அதிகாரி அம்மா பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

அந்த ஜெர்மனிக்காரர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். "அப்படியே உன்னாட்டமே பேசுறான்யா" என்றார் ஜெராக்ஸ். என்னைப்போலப் பேச இன்னொருத்தன் கிடைத்துவிட்டால் நான் எதற்கு? கடையில் அந்த ஸ்டூல் காலியாகவே கிடந்தது. யாராவது உட்காரப் போனால், "கால் ஆடுது" என்று பொய் சொல்லி எழுப்பிவிடுவேன்.

அப்புறம் வந்தது வினை. செஞ்சி பாங்க்கிலிருந்து பணத்தை அங்கே அனுப்ப ஒரு விண்ணப்பத்தில் இவர் கையெழுத்து வேண்டும். கூரியரில் எனக்கு அனுப்பினார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் அம்மா விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஜெராக்ஸுங்க. ஒரிஜினல் வேணும்" என்றார்.

மனுஷன் கையெழுத்துப் போட்ட அசலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நகலை அனுப்பியிருக்கிறார்! அவருக்கு அங்கே தங்கக் கொடுத்த நாளோ கரைந்துகொண்டே வருகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நாளில் ஆள் ஸ்டூலுக்கு வந்துவிடுவார். பாங்க் படியில் நின்றபோது என் மனம் துள்ளியது, மறைப்பானேன். ஆனால் கை போனை எடுத்துவிட்டது.

"யோவ், ஒரிஜினல் எங்கய்யா?"

"எங்கிட்டதான். பத்திரமா இருக்குது."

"அத அனுப்புய்யா!"

"வழியில தொலஞ்சிட்டா?"

"அனுப்பலன்னா நீதான் தொலஞ்ச. மூட்டையக் கட்டிக்கினு செஞ்சிக்கு வந்து சேரு."



"நான் வந்தா உனக்கு சந்தோஷந்தானே நைனா?"

"சந்தோஷந்தான். மொதல்ல அனுப்பு."

மறுநாள் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் குரலில் பேசினார். "குடுத்துட்டேன்யா. கையில வெறும் ஜெராக்ஸ்தான் இருக்குது."

கூரியர் வந்தபோது, கல்யாணச் சீர் வாங்க ஒரு குடும்பமே கடையில் நின்றது. "தோ வந்துட்டேன்" என்று அவர்களையே கடைக்குக் காவல் வைத்துவிட்டு பாங்க்குக்கு ஓடினேன். பணம் போனது. அனுமதி நாள் முடிவதற்குள் விசா மனுவும் ஏறியது. விசா கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையைப் படம் எடுத்து அனுப்பினார். அதாவது, முத்திரையின் ஜெராக்ஸைப் படம் எடுத்து.

போன வாரம் காலையில் வீடியோ அழைப்பு வந்தது. பெஞ்சில் இரண்டு பேர். சிவந்த முகத்தோடு அந்த ஜெர்மனிக்காரர் திரைக்குள் தலையை நீட்டி, "இன்னா நைனா, சாப்டியா?" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. கடை திறந்ததும் நான் ஜெராக்ஸிடம் தினம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அதே இழுப்பு.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் ஜெராக்ஸ், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு. "காலையில யாராச்சும் அதக் கேக்கலன்னா பொழுது விடிஞ்ச மாதிரியே இல்லய்யா."

நான் கொஞ்ச நேரம் கடைக்கு வராத கிராக்கியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"அவருகிட்ட ஒண்ணு சொல்லு" என்றேன். "ஒரு தடவ கேட்டா போதாது. சமைக்கச் சோம்பேறித்தனம் பட்டுக்கினு, மொத தடவ சாப்டேன்னு நீ பொய்தான் சொல்லுவ. ரெண்டாவது தடவ கேட்டாதான் நெசம் வரும். இத அப்படியே சொல்லணும்."

ஜெராக்ஸ் முனகினார். பிறகு தன் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த பாஷை பிடிபடாது, சரியாகத்தான் சொன்னாரா என்று சந்தேகமாக இருந்தது. ஜெர்மனிக்காரர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துத் தலையசைத்து, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.