பச்சைக் கோடு சொன்ன சாட்சி

என் விமானம் விழுந்ததற்கு நான் காரணமில்லை. ரிமோட்தான் காரணம். இதைக் கம்ப்யூட்டரை வைத்தே நிரூபித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பஞ்சநதம். பாலிடெக்னிக் லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். குத்தாலத்தில் ரிமோட் விமானம் விடும் ஒரே ஆள். மூன்றாவது தடவை அது போய் விழுந்த இடம், குத்தகைக்காரர் வைரக்கண்ணுவும் நிலத்துக்காரரும் ஏழு வருஷமாகக் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கும் குத்தகை வயல். எதிராளி அனுப்பிய வேவு விமானம் என்று இரண்டு பேருமே ஓடிவந்தார்கள். ஏழு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் வயலுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதுதான். என் மனைவி நீலாம்பாள் போய்ப் பேசி, உடைந்த இறக்கையையும் என்னையும் மீட்டு வந்தாள்.

"தப்பு என் மேல இல்ல நீலா. ரிமோட் ஒண்ணு சொல்லுது, சர்வோ வேற ஒண்ணு செய்யுது."

"சர்வோன்னா?"

"வாலைத் திருப்புற குட்டி மோட்டார்."

"சரிங்க. தப்பு உங்க மேலதான்னு தெரிஞ்சா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"எதுவானாலும்?"

"எதுவானாலும்."

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவன் சொல்லக்கூடாத வார்த்தை. சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி வந்த வருஷம் அது. தெருவே சீரியலில் மூழ்கிக் கிடக்க, நான் பதினைந்து நாள் கம்ப்யூட்டரில் மூழ்கினேன். ரிமோட் சொல்வதை வாங்கும் ரிசீவரைக் கழற்றி, அதிலிருந்து ஒரு சின்ன சர்க்யூட், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். ரிமோட்டின் குச்சியை நகர்த்தினால், சர்வோ எவ்வளவு திரும்பும் என்று திரையில் ஒரு பச்சைக் கோடு காட்டும். விமானமே வேண்டாம். விழவும் வழியில்லை.

குச்சியைப் பாதி தள்ளிப் பிடித்தேன். கோடு காற்றில் நாற்று மாதிரி ஆடியது.

"பாத்தியா! நான் அசைக்கவே இல்ல. ரிமோட் கோளாறு!"

நீலாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கையை எடுங்க."

எடுத்தேன். குச்சி தானாக நடுவுக்கு வந்தது. கோடு நின்றது.

"லூஸ் காண்டாக்ட். சில நேரம் நிக்கும்."

"இப்ப நான் பிடிக்கறேன்."

பாதி தள்ளிப் பிடித்தாள். கோடு பாதியில் மைல்கல் மாதிரி நின்றது.

"இப்ப நீங்க."

வலது கையால் பிடித்தேன். இடது கையால் பிடித்தேன். மூச்சை அடக்கிப் பிடித்தேன். மூச்சு அடங்கியது, கோடு அடங்கவில்லை. ரிமோட் சரியாகத்தான் இருக்கிறது, நடுங்குவது நான்.

சாட்சியை நானே செய்தேன். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டேன்.

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசமா உங்களுக்குக் காபி அரை டம்ளர்தான் ஊத்தறேன். ஏன்னு கேட்டீங்களா?"

"டிகாஷன் பத்தலையோன்னு நினைச்சேன்."

"கை நடுங்கிச் சிந்தறது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதாங்க. டாக்டர்கிட்ட போலாம்னு நாலு தடவை சொன்னேன். கல்லாட்டம் இருக்கேன்னீங்க."

"பெருசா ஏதாவது இருந்துட்டா, நீலா?"

"இருந்தா ரெண்டு பேருமாப் பாத்துக்குவோம்."

அப்புறம் என் மூளை வழக்கம்போல் ஒரு சந்து தேடியது.

"போலாம். ஆனா அந்த மாயவரம் டாக்டர்கிட்ட டோக்கன் கிடைக்கவே பத்து நாள் ஆகுமாம்."

"ஆமாங்க. அதான் நீங்க வயர் வாங்கப் போன அன்னிக்கே போட்டுட்டேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு."