மூன்றாம் ரவுண்டில் விழுவார்

கரமனை,
கொல்லம் 1113, மகரம் 12,
பகல் மூன்று மணி.

கல்லிடைக்குறிச்சி அத்திம்பேர் சுந்தரராமன் அவர்களுக்கு மைத்துனன் சேஷன் அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

என் பெண் ஜெயலக்ஷ்மிக்கு ஏழாமிடத்தில் செவ்வாய், உங்கள் பிள்ளை நாகேஸ்வரனுக்கு ஆகாது என்று உங்கள் ஊர் ஜோசியர் சொல்ல, குரு பார்க்கிறார், தோஷமே இல்லை என்று நான் சொல்ல, "உன் ஜோசியம் அவ்வளவு உசத்தியானால் உங்கள் ஊர்க் குத்துச்சண்டையில் எவன் ஜெயிப்பான் என்று சண்டைக்கு முந்திய தபால் முத்திரையோடு எழுது, பலித்தால் மாசியில் முகூர்த்தம், இல்லாவிட்டால் வேறு பெண்" என்று எழுதிவிட்டீர்களே! இது நியாயமா? முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் பைல் கட்டினவன் நான். ஒருத்தன் மூக்கில் ஒருத்தன் குத்துவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

சரி, பெண்ணைப் பெற்றாயிற்று. பன்னிரண்டு வருஷமாகச் சாம்பியனாக இருக்கும் குற்றாலலிங்கம், வயசு நாற்பத்திரண்டு. எதிர்த்து நிற்கும் நயினார், வயசு இருபத்திரண்டு. அலைந்து திரிந்து இரண்டு பேர் ஜாதகத்தையும் வாங்கினேன். வாங்கி உட்கார்ந்தேனா, கைப் பழக்கம், தினப் பொருத்தம், கணப் பொருத்தம் என்று போட ஆரம்பித்துவிட்டேன். பத்துக்கு எட்டு! தீர்க்காயுசாக ஒற்றுமையாக இருப்பார்கள் என்று எழுதிய பிறகுதான் புத்தி வந்தது. பின்னால் நின்ற அனந்தலக்ஷ்மி, "நன்னாருக்கு! ரெண்டு தடியன்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கறேளாக்கும்? ஆத்துல ஒருத்தி நிக்கறாளே, அவ கண்ணுல படலையா?" என்றாள். என் சகதர்மிணி வாயை நீங்கள் அறிவீர்கள்.

மறுபடி பார்த்தேன். குற்றாலலிங்கத்துக்கு அஷ்டமச் சனி. நயினாருக்கு குரு உச்சம். சந்தேகமே இல்லை, கிழவர் மூன்றாம் ரவுண்டில் விழுவார். அப்படியே எழுதி முடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நேற்றுச் சாயங்காலம் வாசலில் ஒரு நிழல். குற்றாலலிங்கமே! கும்பிட்ட கை ஒவ்வொன்றும் என் தலை பெரிசு. முழங்காலில் தைலக் கட்டு.

"சாமி, உள்ளதைச் சொல்லும். நாளைக்கு நான் விழுந்திருவனா?"

அத்திம்பேர், அந்த ஆகிருதிக்குக் குரல் நடுங்கிற்று. நான் என்ன செய்வேன்? "ஜயம்தான் ஓய், தைரியமாப் போம்" என்று சொல்லிவிட்டேன். முகம் மலர்ந்து போனார். அவர் தெரு திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. என் வார்த்தையை நம்பி அந்த மனுஷன் நிஜமாகவே ஜெயித்துத் தொலைத்தால் என் ஜோசியம் என்ன ஆவது? என் பெண் என்ன ஆவாள்?

ஆயினும் சாஸ்திரம் பொய்க்காது. நயினார் ஜெயிப்பான், நயினார் ஜெயிப்பான், நயினார் ஜெயிப்பான். ஐந்து மணித் தபாலில் போட ஜெயாவிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போகிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம், சிரஞ்சீவி நாகேஸ்வரனுக்கு என் ஆசீர்வாதம்.

தங்கள்,
சேஷன்

பின்குறிப்பு: அத்திம்பேருக்கு ஜெயா நமஸ்காரம். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதறேன். யாரோ ரெண்டு பேர் சண்டையிலே என் கல்யாணம் தொங்கறதேன்னு கடிதத்தைப் பெட்டியிலே போட நேத்திக்கு மனசு வரலை, கையிலேயே வெச்சுண்டு நின்னேன். குற்றாலலிங்கம் ஜெயிச்சுட்டார். மூணாவது ரவுண்டிலே விழுந்தது நயினார். அப்பா காலமேருந்து சுவரைப் பார்த்துண்டு படுத்திருக்கார். பேரை மாத்தி எழுதிப் போட்டிருக்கலாம், முத்திரை தேதியை என்ன பண்றது? அதோட பொய் சொல்லி உங்காத்துக்கு வர எனக்கு இஷ்டமில்லை. இப்பத்தான் குற்றாலலிங்கம் ஒரு கண் வீங்கி, ஒரு குலை ஏத்தன் வாழைப்பழத்தோட வந்து, "சாமி சொன்ன ஒரு வார்த்தையிலதான் நின்னேன்"னு அப்பா காலிலே விழுந்துட்டுப் போறார். ஜாதகத்திலே விழணும்னு இருந்தவர் விழலை, அத்திம்பேர். நீங்களும் உங்க பிள்ளைக்கும் எனக்கும் வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நாங்க நின்னுடுவோம்.