விழுந்த மரங்களுக்கு நிழல் குறித்த விவகாரம்

கடலூர், மஞ்சக்குப்பம்
புதன்கிழமை

சிதம்பரத்தில் இருக்கும் அன்பு மச்சான் அன்பரசுக்கு, உன் அக்கா புருஷன் கண்ணாயிரம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா செல்லாயியும் மாத்திரை உபயத்தில் சௌக்கியம். அங்கே நீங்கள் எல்லாரும் மாத்திரை இல்லாமலே சௌக்கியமாக இருக்கத் தில்லைக்காளி துணை நிற்கட்டும்.

கடுதாசி எதற்கு, போன் பண்ணலாமே என்பாய். வாயால் சொல்லக் கூசுகிறது. உன் மகள் சிந்துஜாவின் ஆராய்ச்சியில் மண்ணை வாரிப் போட்டவன் நான்தான்.

போன மாதம் அவள் இங்கே வந்து, "மாமா, வெயில் நேரத்துல நம்ம ஜனங்க எங்கெங்க நெழலுக்கு ஒதுங்குறாங்களோ, அங்க இந்த மேப்புல ஒரு புள்ளி வச்சா போதும். நெழல் இல்லாத ரோட்டுக்கு மரம் நடச் சொல்லி எழுதப் போறோம்" என்று என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். ஊர் ஜனமே தகவல் கொடுத்து ஊரைத் திட்டமிடுவதாம். சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் சங்கிலி இழுத்தவனிடம் இதைச் சொன்னால் விடுவேனா? நானும், காலையில் என்னோடு நடக்கிற கார்த்திகேசனும், இன்னும் மூன்று ரிட்டையர்டு ஆசாமிகளும் டீக்கடையில் உட்கார்ந்து புள்ளி வைக்க ஆரம்பித்தோம். வெயிலில் இறங்கிப் போய்ப் பார்ப்பானேன், ஊர்தான் மனப்பாடமாச்சே! எங்கள் ரோட்டு முனையில் பியூன்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குட்டித் தூக்கம் போடும் தூங்குமூஞ்சி மரம், அதற்கு ஒரு புள்ளி. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கல்லெறிந்து காய் பறிக்கும் புளியமரம், அதற்கு ஒன்று. கல்யாணமான புதிதில் உன் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு எனக்காகக் காத்து நின்ற வேப்பமரம், அதற்கு மட்டும் ஆசையில் மூன்று புள்ளி வைத்தேன். "யோவ், அரச மரத்த வுட்டுட்டியேய்யா!" என்று கார்த்திகேசன் சண்டைக்கே வந்துவிட்டான். ஐந்து பேருமாக அந்த ஒரே ரோட்டில் அறுபத்து நாலு நிழல். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா மச்சான்? சின்ன வயசில் அந்த ரோட்டில் நடந்தது போலவே இருந்தது.

நேற்று சிந்துஜா அந்த மேப்பைப் படமாக அனுப்பியிருந்தாள். ஊரிலேயே நிழல் ஜாஸ்தி உள்ள ரோடு எங்கள் ரோடுதானாம், பச்சைப் பசேலென்று இருக்கிறது. மரம் நடும் பட்டியலில் எங்கள் ரோடு இல்லை. அதே ரோட்டில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றுவிட்டு அப்போதுதான் வந்த உன் அக்காவிடம் காட்டினேன். "ஏங்க, தானே புயல்ல அத்தினி மரமும் சாஞ்சு போச்சே! எந்த மரத்துக்குங்க நெழலு?" என்றாள். நான் மறக்கவில்லை மச்சான். அன்றைக்கு வேரோடு கிடந்தவற்றைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். ஆனால் கண்ணை மூடினால் எல்லாம் நிற்கிறதே, நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பட்டியலை வைக்கிறார்களாம். அதற்குள் எங்கள் புள்ளிகளை எல்லாம் அழித்துவிடச் சொல். இல்லாவிட்டால் ஐந்து கிழவர்களின் ஞாபகத்தால் அந்த ரோட்டுக்கு ஒரு செடிகூட வராது. இனி அந்தச் செயலியைத் தொட மாட்டேன், சத்தியம்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஆசி. சிந்துஜாவின் கோபம் தணியக் காடாம்புலியூர் பலாப்பழம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாயிரம்

பி.கு.: கடுதாசியை ஒட்டப் போகும்போது செல்லாயி, "வெள்ளிக்கிழம கூட்டத்துக்குப் பொதன்கிழம தபால்ல போட்டா எப்பங்க போய்ச் சேரும்?" என்று போனைப் பிடுங்கிச் சிந்துஜாவைக் கூப்பிட்டுவிட்டாள். அவள் ஒரே சிரிப்பு. "அந்தப் படம், பட்டியல் ரெண்டும் கம்ப்யூட்டர் தானா போட்டது மாமா. நான் நேர்ல வந்து பாத்தேன்ல, மொட்ட வெயிலு! அஞ்சு பேரும் அதே எடத்துல மரம் இருந்துச்சுன்றீங்க, அப்ப அங்கதான் நடணும். பட்டியல்ல உங்க ரோட்ட மொதல்ல போட்டுட்டேன்" என்றாள். ஆகையால் மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டாம். கன்று வளர்ந்து நிழல் விழப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுமாம். எனக்கு இப்போதே எழுபத்து நாலு. அன்றைக்குக் குறிக்க நான் இருப்பேனோ மாட்டேனோ, அதனால் செல்லாயி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் சற்றுமுன் ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.