நடுத்திரை

இடது திரையில் தண்ணீர் ஓடியது. வலது திரையில் சுடர் அசைந்தது. நடுத்திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

கலைக்கூடத்துக் காவல்காரி பொத்தானை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். வெள்ளைத் துணி பளிச்சென்று வெளிச்சமானதே தவிர, தினமும் அதில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் மனிதரின் நிழலுருவம் வரவில்லை.

தண்ணீர் உடலாம், சுடர் உயிராம், நடுவில் அசையாமல் இருப்பவர் ஆன்மாவாம். வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "திரை முன்னாடி கட்டியிருக்கிற கயித்தைத் தாண்டி யாரும் போகக் கூடாது. நீங்களும்தான். கலைஞரோட உத்தரவு." அவளும் இதுவரை ஒரு காலைக்கூட அந்தப் பக்கம் வைத்ததில்லை.

இன்று மாலை மேலாளர் வருகிறார். அவள் வேலை நிரந்தரமா, இல்லையா என்று சொல்லப் போகிறார். இன்றைக்குப் பார்த்தா ஆன்மா காணாமல் போக வேண்டும்?

மேலாளருக்குப் போன் போடக் கை வரவில்லை. 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்க?' என்பார். மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டாள். ஆன்மா திரும்பவில்லை. வலது திரையில் சுடர் தலைகீழாக எரிய ஆரம்பித்தது.

வேறு வழியில்லாமல் கொழுந்தனைக் கூப்பிட்டாள். டிவி, மிக்ஸி என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போடுவான். வாய் ஓயாது என்பதால் குடும்பத்தில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"அண்ணி, ஆன்மா ரிப்பேருக்கெல்லாம் நான் போனதே இல்லையே!" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

"தம்பி, வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க. இன்னைக்கு என் பொழைப்பே இதுலதான் இருக்கு."

அவன் கயிற்றைத் தாண்டித் திரைக்குப் பின்னால் போனான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அண்ணி!"

"என்ன ஆச்சு?"

"இங்க ப்ரொஜெக்டரே இல்ல. ஒரே ஒரு லைட்டு இருக்கு. கீழ ஒரு மெத்தை கெடக்கு. அவ்வளவுதான்."

"திருட்டுப் போயிடுச்சா?"

"நல்ல திருடன் அண்ணி. லைட்டை விட்டுட்டுப் போயிருக்கான். ப்ரொஜெக்டருக்கு அடியில மெத்தையெல்லாம் போட்டு வச்சிருக்காங்க பாருங்க, குழந்தைக்குப் போடுற மாதிரி."

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தியான வகுப்பு ஒன்றிலிருந்து ஒரு கூட்டமே வந்து நின்றது.

"தம்பி," என்றாள் மெல்ல. "அந்த மெத்தையில உட்காருங்க."

"நானா?"

"கண்ணை மூடிட்டு, கையை மடியில வச்சுட்டு. நிழல்தானே தெரியும், யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் எப்படிண்ணி பேசாம இருப்பேன்?"

"இருந்தா வாழ்நாள் பூரா உங்களுக்கு நன்றி சொல்வேன். இல்லாட்டி உங்க அண்ணன்கிட்ட சொல்வேன்."

அவன் உட்கார்ந்தான்.

கூட்டம் உள்ளே வந்து பெஞ்சுகளில் அமைதியாக அமர்ந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் திரும்பினார். "போன வாரம் பார்த்ததுக்கு ஆன்மா கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கே?"

"ஆன்மான்னா வளரத்தானேங்க செய்யும்," என்றாள் காவல்காரி.

"அடடா!" என்றார் அம்மாள். பக்கத்தில் இருந்தவரிடமும் அதைச் சொன்னார். சுடர் தலைகீழாக எரிவதற்கு அவர்களே ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அப்போது ஆன்மாவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

குத்துப்பாட்டு. முழுச் சத்தம். நிழல் தடுமாறியது, பையைத் தடவியது, போனைக் காதில் வைத்தது. "அப்புறம் கூப்பிடுடா. தியானத்துல இருக்கேன்."

காவல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"உலகம் கூப்பிடுது, ஆன்மா அப்புறம் வான்னு சொல்லுது," என்று அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்ன ஒரு படைப்பு!"

அவர்கள் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. மதியத்துக்குமேல் வாசலில் வரிசை நின்றது. காட்சிகளுக்கு நடுவே அவளே கயிற்றைத் தாண்டிப் பின்பக்கம் போய் ரேடியோவுக்குப் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்தாள். பேச்சையே காணோம்.

"என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா?"

"இல்லண்ணி. மனசு என்னவோ போல லேசா இருக்கு. இத்தனை வருஷம் எதுக்குத்தான் அப்படிப் பேசினேனோ!"

மாலையில் மேலாளர் வந்தபோது ரேடியோ மனசு மிகவும் லேசாகித் தூங்கிவிட்டிருந்தான். உட்கார்ந்தபடியே தலை ஆடியது. சீரான குறட்டை கூடத்தை நிறைத்தது. தியான வகுப்புக்காரர்களில் திரும்பி வந்திருந்த சிலர் அந்தத் தாளத்துக்கே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு அவளைப் பின்வாசல் பக்கத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார்.

"இங்க இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லம்மா. குறட்டை யாரோட யோசனை?"

"சார்..."

"யாரோடதா இருந்தா என்ன? உங்க வேலை நிரந்தரம். சந்தோஷமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. பேசாமல் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், பொருள் திருட்டுப் போனதை மறைக்க மனம் வரவில்லை.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நடுத்திரை ப்ரொஜெக்டரை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. உள்ள இருக்கிறது என் கொழுந்தன்."

மேலாளர் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் பின்வாசல் கதவு தடாலென்று திறந்தது. வெள்ளை வேட்டியும் வீங்கிய கன்னமுமாக ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார், பல்லு புடுங்கப் போன இடத்துல நேரமாயிடுச்சு. காலையிலேருந்து எனக்குப் பதிலா திரைக்குப் பின்னாடி யாருமே உட்காரலையா?"